தாடைக்கு அடியில் வெயில்

மாநிலத்திலேயே மிக ஆரோக்கியமான தோல் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுடையது என்று வெயில் நலத்துறை கண்டுபிடித்த வருஷம், அதற்கு ஒரு விழா எடுத்தார்கள். விழாவை உப்பளத்தில் வைக்கவில்லை. அங்கே பகலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே விருந்தினர்கள் மயங்கி விழுந்துவிடுவார்கள் என்பதால் நகரத்தில் ஒரு குளிரூட்டிய மண்டபத்தைப் பிடித்தார்கள். மேடையின் பின்னால் 'வெயிலை வென்ற தோல்' என்று பதாகை தொங்கியது. துறையின் இணை இயக்குநர் அருள்செழியன் நல்ல தமிழில் நீண்ட நேரம் பேசினார்.

பொன்னாடை சுடலைமணிக்கு. மாவட்டத்திலேயே குறைந்த வெயில் எண் அவருக்குத்தான். பூஜ்யம். இருபது வயதிலிருந்து வடக்குப் பாத்திகளில் உப்பு வாருகிறவர், இப்போது வயது நாற்பத்தாறு. மேடையில் தலையைக் குனிந்தபடியே நின்றார். புகைப்படக்காரர் நிமிரச் சொன்னார். நிமிர்ந்ததும் தாடைக்கு அடியில் இருந்த புண் தெரிந்தது. கொஞ்சம் குனிந்தே நில்லுங்கள் என்று புகைப்படக்காரர் தன் பேச்சை மாற்றிக்கொண்டார். கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சுடலைமணியின் மனைவி கற்பகக்கனிக்கு அதைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. சாப்பாடு போடுவார்கள் என்று உடன் வந்தவர்கள் சொன்னதால் உட்கார்ந்திருந்தாள்.

இந்த வெயில் எண் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். மேலே ஓசோன் அடுக்கு மெலிந்துபோய், கறுத்த தோலுக்குத் தோல் புற்று அவ்வளவாக வராது என்ற பழைய ஆறுதல் செல்லாமல் போன பிறகு வந்த சட்டம் அது. வெயிலில் வேலை செய்கிற யாராக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை தோலைக் காட்ட வேண்டும். பசைத்தாளால் பிடரியில் ஒரு ஒட்டு, நிழலான இடத்தில் ஒரு ஒட்டு. இரண்டையும் உரித்தால் தோலின் மேல்படலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. துண்டுகளை எந்திரம் எண்ணும். வெயில்பட்ட தோலுக்கும் படாத தோலுக்கும் உள்ள வித்தியாசம்தான் வெயில் எண். குறைவென்றால் பச்சை, வேலைக்குப் போகலாம். அதிகமென்றால் சிவப்பு. சிவப்பு வந்தவர் வெயிலில் வேலை செய்யக்கூடாது. அவருக்குச் சில மாதங்கள் நிழல் படி என்று ஒரு தொகையும், நோய் இருந்தால் ஊசியும் துறையே கொடுக்கும். அந்த ஊசி வெளியில் எங்கும் கிடைக்காது.

நல்ல சட்டம். நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் நல்ல எண்ணத்துக்கு என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை.

நிழலான இடம் எது என்பதில்தான் கோளாறு. முதலில் இடுப்பில், துணி கட்டுகிற இடத்துக்குக் கீழே ஒட்டினார்கள். சூரியன் பார்க்காத தோல் என்றால் அதுதான். ஆனால் முகாம் நடப்பது சாலையோரப் பந்தலில். நாலு பக்கமும் ஆட்கள் நிற்கும்போது சேலைக் கொசுவத்தைத் தளர்த்தச் சொன்னால் எந்தப் பெண் வருவாள்? பெண்கள் மறுத்தார்கள், சங்கங்கள் மனு கொடுத்தன. நியாயமான மறுப்பு. துறை நாலு முழம் துணி வாங்கி ஒரு திரை கட்டியிருக்கலாம். அதற்குப் பதில் ஒரு குழு போட்டு, உடம்பில் துணியைத் தளர்த்தாமல் எட்டக்கூடிய நிழலான இடம் எது என்று ஆராய்ந்து, தாடையின் அடிப்பகுதி என்று முடிவு செய்தது. முகத்தின் நிழல் எப்போதும் அதன்மேல் விழுகிறதல்லவா? சாலை போடுகிறவர்களுக்கும் கட்டட வேலைக்காரர்களுக்கும் அது சரியாகவே வேலை செய்தது.

சுடலைமணியின் புண் ஆறவில்லை. அரசு மருத்துவமனையில் சதையைக் கிள்ளிப் பார்த்துப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ஊசிக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்றார்கள். ஊசி வெயிலால் வந்த நோய்க்கு மட்டும்தான். எண் பூஜ்யமாக இருக்கிறவருக்கு வெயிலால் நோய் வர வாய்ப்பில்லை. அப்படியானால் எதனால் வந்தது என்று கனி கேட்டாள். இளம் மருத்துவர் கணினியைப் பார்த்தார், சுடலைமணியின் வாயைப் பார்த்தார், வெற்றிலை புகையிலை என்று எழுதினார். கல்யாண வீட்டு வெற்றிலையைக்கூட மடியில் கட்டிக்கொண்டு வந்து அவளிடம் கொடுக்கிற மனுஷன் அவர்.

இந்தச் சமயத்தில்தான் பெனிலா வந்தாள். நாகர்கோவில்காரி, துறையின் ஆய்வகத்தில் விஞ்ஞானி. முப்பது வயதிருக்கும். உப்பளத்துக்காரர்களின் தோலில் அப்படி என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லி அருள்செழியன் அவளை அனுப்பியிருந்தார். கண்டுபிடித்தால் அதிலிருந்து ஒரு களிம்பு செய்யலாம், உலகத்துக்கே விற்கலாம் என்பது அவர் கணக்கு. களிம்புக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தார்.

எந்திரம் அச்சடித்துக் கொடுக்கிற எண்ணை விட்டுவிட்டு அதற்கு முந்தைய கச்சா அளவுகளைப் பெனிலா எடுத்துப் பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. சுடலைமணியின் எண் உண்மையில் பூஜ்யம் இல்லை. பூஜ்யத்துக்கும் கீழே. வெயில்பட்ட பிடரியைவிட நிழலான தாடையில்தான் சேதம் அதிகம் என்று அளவு சொன்னது. அப்படி ஒன்று இருக்க முடியாது என்று மென்பொருள் எழுதியவர்கள் நினைத்ததால், பூஜ்யத்துக்குக் கீழே போவதையெல்லாம் பூஜ்யம் என்றே காட்டும்படி செய்திருந்தார்கள். அவர் ஒருவர் மட்டுமல்ல, உப்பளத்தில் பாதிப்பேர் அப்படி இருந்தார்கள்.

அவள் பாத்திகளுக்குப் போனாள். முழுக்கைச் சட்டை, தொப்பி, கழுத்தைச் சுற்றித் துண்டு என்று துறையின் பாதுகாப்புக் கையேட்டில் உள்ளதெல்லாம் போட்டுக்கொண்டுதான் போனாள். மூன்று நாள் வரப்பில் நின்று அளவெடுத்தாள். நாலாம் நாள் காலையில் பல் துலக்கும்போது தாடைக்கு அடியில் எரிந்தது. கண்ணாடியில் அண்ணாந்து பார்த்தாள். தாடையின் அடி, மூக்குத் துவாரங்களின் ஓரம், இமைகளின் கீழ்ப்பகுதி எல்லாம் கன்றிச் சிவந்திருந்தன. நெற்றியும் பிடரியும் நன்றாக இருந்தன.

கையில் பிரஷ்ஷோடு அப்படியே குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். உப்பு வெள்ளை. வெயில் மேலேயிருந்து விழுந்து, வெள்ளையில் பட்டுத் திரும்பிக் கீழேயிருந்து மேலே வருகிறது. பாத்தியில் வேலை செய்கிறவர்கள் தலையிலும் பிடரியிலும் துண்டைக் கட்டி, குனிந்து வாருபலகையை இழுக்கிறார்கள். மூடாமல் இருப்பது தாடையின் அடிதான். அது நேராக உப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நிழல் என்று ஒட்டின இடத்தில்தான் மாவட்டத்திலேயே அதிக வெயில்.

அன்று மாலையே அவள் சுடலைமணியின் வீட்டுக்குப் போனாள். முத்தையாபுரத்துப் பக்கம் இரண்டு அறை வீடு. கனி காப்பி போட்டுக் கொடுத்தாள். இடுப்பிலிருந்து ஒரு ஒட்டு எடுத்துக்கொள்ளட்டுமா என்று பெனிலா கேட்டாள். எந்த ஆய்வுக்கும் பயன்படுத்தலாம் என்று கையெழுத்து வேண்டும் என்பதையும் சொன்னாள். சுடலைமணி ஒரு நிமிஷம் கூச்சப்பட்டார். பிறகு உள் அறைக்குப் போய்ப் படுத்து, வேட்டியைத் தளர்த்திக்கொண்டு கனியைக் கூப்பிட்டார். அவள் பக்கத்தில் நின்றுகொள்ள, பெனிலா பிடரியிலும் தாடையிலும் ஒட்டியெடுத்த பிறகு இடுப்பில் ஒட்டிப் பதமாக உரித்தாள். அந்தத் தோல் கைகளைவிடப் பல மடங்கு வெளுத்து, வேறு யாருடைய தோலோ என்பதுபோல இருந்தது. தன் புருஷனின் பிறந்த நிறம் இதுதான் என்று கனிக்கு அப்போதுதான் உறைத்தது.

முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. பெனிலா நேரில் வந்து சொன்னாள். இடுப்போடு ஒப்பிட்டால் அவருடைய பிடரியின் எண் சிவப்பையும் தாண்டிவிட்டது. தாடை, எந்திரத்தின் அளவுக்குள்ளேயே வரவில்லை.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்கம்மா. அவுக தோலுக்குள்ள என்னதான் நடக்கு?" என்று கனி கேட்டாள்.

பெனிலா அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் 'போதும், இனிமே பெருகாத'ன்னு சொல்ற ஜீன் ஒண்ணு உண்டுக்கா. வெயில்ல அடிபட்டுப் போன செல்லைப் பாத்து 'நீ செத்துப் போயிரு'ன்னும் அதுதான் சொல்லும். இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.ங்கிறது குட்டிக் குட்டித் துண்டு. அளவா இருந்தா நல்லது. வெயிலு வருஷக்கணக்கா பட்டுட்டே இருந்தா, இதுல சில துண்டு கணக்கில்லாமப் பெருகிப்போய் அந்த ஜீனோட வாயைப் பொத்திரும். அதுக்கப்புறம் போதும்னு சொல்ல ஆள் இல்ல. அண்ணாச்சிக்கு அதான் நடந்திருக்கு."

"ஊசி?"

"ஊசி போட்டா பொத்துன கையை எடுத்துவிடும். இப்பவே போட்டா பிழைக்கலாம். தள்ளிப்போட்டா முடியாது."

பிழைக்கலாம் என்ற சொல்லைக் கேட்டதும் கனிக்கு அழுகை வந்தது. சுடலைமணி சிரித்தார். அப்படியானால் நான் வாங்கின பொன்னாடையைத் திருப்பிக் கேட்பார்களா என்று பெனிலாவைக் கேட்டார்.

பெனிலா அறிக்கை எழுதி அனுப்பினாள். துறையிலிருந்து மறுநாளே பதில் வந்தது. ஒரே ஒரு ஆளை வைத்து ஒரு மாவட்டத்தின் அளவையை மாற்ற முடியாது, இன்னும் சிலருடைய இடுப்புத் தோலாவது வேண்டும். அதுவரை அவருக்கு ஊசிக்கு அனுமதி கிடையாது. இது பெனிலாவுக்குமே நியாயமாகத்தான் பட்டது. ஒரு ஆளை வைத்து யாரும் விஞ்ஞானம் செய்வதில்லை. ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்கிற இடத்தில் நாலு பேர் கிடைக்கமாட்டார்களா என்று நம்பிக்கையோடு ஒட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். இந்தத் தடவை திரையும் சொந்தமாக வாங்கிக்கொண்டு போனாள்.

ஒருவரும் வரவில்லை. முதலில் வேலை இருக்கிறது என்றார்கள். பிறகு நாளைக்கு என்றார்கள். பிறகு அவளைக் கண்டால் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பின் மறுபக்கத்துக்குப் போய்விட்டார்கள். சுடலைமணியோடு பத்து வருஷமாக ஒரே பாத்தியில் நின்றவர்கள், அவர் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள், எல்லோரும்தான். அவர்களுக்கு அவர்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. ஆளாளுக்கு வீட்டுக்கு வந்து பழமும் ஹார்லிக்ஸும் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

கடைசியில் சங்கச் செயலாளர் லிங்கதுரை பெனிலாவைத் தேடி வந்தார். உப்பளத்தில் பாதி ஆயுளைப் போக்கியவர், அவர் கழுத்திலும் புள்ளிகள் இருந்தன. கோபமாக வந்த மாதிரி தெரியவில்லை. அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, நீங்க சொல்லுதது பொய்னு ஒருத்தனும் சொல்லல. எங்க தோலு என்ன லெச்சணத்துல இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? ஆனா நீங்க ஒட்டி உரிச்சீங்கன்னா அத்தன பேருக்கும் சிவப்பு வரும். சிவப்பு வந்தா பாத்தியில கால் வைக்க முடியாது. நிழல் படிய கொஞ்ச மாசம் குடுப்பாக, அப்புறம் நிப்பாட்டிருவாக. அதுக்கப்புறம் நாங்க என்ன செய்யட்டும்? புத்து வந்து சாவுறதுக்குப் பத்து வருஷம் ஆகும். பட்டினிக்கு அவ்வளவு நாள் ஆகாது."

பெனிலா டீ தம்ளரை வைத்துவிட்டு ஒட்டுப் பெட்டியை மூடினாள். அவர் கேட்டதைச் சட்டம் எழுதினவர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

மிச்சம் இருந்தது கனி. அவளும் பாத்தியில் வேலை செய்கிறவள். அவளுடைய தோல் கிடைத்தால் இரண்டு பேர் ஆகிறது. இரண்டு பேர் இருந்தால் மேல்முறையீட்டுக்கு வழியிருக்கிறது, அவருக்கு மட்டுமாவது ஊசியை வாங்கிவிடலாம் என்று பெனிலா ஒரு விதியைத் தேடிப் பிடித்து வைத்திருந்தாள். கனியிடம் கேட்டாள். கனி உடனே சரி என்றாள். புடவையின் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள் அறைக்கு நடந்தாள். கட்டிலில் படுத்திருந்த சுடலைமணி கையை நீட்டி மறித்தார்.

"ஏ கனி, குடுக்காத."

"சும்மா இரிங்க நீங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது."

"நான் சொல்லுதத கேளு. உனக்குச் சிவப்பு வந்துட்டுன்னா நாளைக்கே உன்னய கேட்டுக்கு வெளிய நிப்பாட்டிருவான். நான் வீட்டுல, நீயும் வீட்டுல. நர்சிங்குக்குப் போன புள்ள பாளையங்கோட்டையில இருந்து பெட்டியத் தூக்கிட்டு வந்து இந்தப் பாத்தியிலதான் எறங்கணும். அப்புறம் நான் பொழச்சு எதுக்கு?"

கனி நின்ற இடத்திலேயே நின்றாள். பெனிலா ஒட்டுப் பெட்டியைத் திறந்து கையில் வைத்திருந்தாள். அவள் அந்த நேரத்தில் வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். என்ன சொல்லி வற்புறுத்துவது? மகளுக்காக ஒரு தகப்பன் தன் உயிரை விலையாக வைக்கும்போது, நடுவில் புகுந்து பேரம் பேச அவளுக்கு என்ன உரிமை? செருகின தலைப்பைக் கனி இழுத்துவிட்டாள். பிறகு பெனிலாவின் பக்கம் திரும்பாமலே, வேண்டாம்மா என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்த வேண்டாம் என்ற சொல்லைப் பிறகு எத்தனையோ நாள் கனி தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்து மருகினாள்.

பெனிலா விடவில்லை. கிடைத்த ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு, தாடையில் பட்ட தன் சொந்த வெயில்காயத்தின் படங்களையும், உப்பிலிருந்து திரும்புகிற கதிர்களின் அளவுகளையும் சேர்த்து மறுபடி எழுதினாள். குழு கூடியது. ஆவணியில் அருள்செழியன் அவளை அலுவலகத்துக்கு அழைத்து, நல்ல செய்தி என்று சொல்லி நாற்காலியைக் காட்டினார். அவர் கெட்டவர் இல்லை. துறையில் அவளுடைய பேச்சைக் கேட்கிற ஒரே அதிகாரி அவர்தான்.

குழு அவள் சொன்னதை முழுக்க ஏற்றுக்கொண்டதாம். உப்பளத்தில் தாடையை நிழலாக எடுத்தது தவறுதான். இனிமேல் அங்கே தாடையில் ஒட்டு கிடையாது. அப்படியானால் இடுப்புக்குப் போகிறோமா என்று பெனிலா கேட்டாள். போக முடியாது, பெண்களின் மறுப்பு அப்படியே இருக்கிறது, அதோடு ஒரு மாவட்டத்தின் உப்பு முழுவதும் நின்றுபோகும் என்றார் அவர். அதனால் குழு ஒரு நடுவழி கண்டிருந்தது. உப்பளத்துக்காரர்களின் இயல்பு நிலையே மற்றவர்களிலிருந்து வேறு. எனவே அவர்களுக்கென்று ஒரு வட்டார மாதிரித் தோல். இனி ஒவ்வொருவருடைய பிடரியையும் அந்த மாதிரியின் பிடரியோடு ஒப்பிட்டால் போதும். அதைத் தாண்டினால்தான் சிவப்பு.

"யாரோட தோலை மாதிரியா எடுத்திருக்கீங்க சார்?" என்று பெனிலா கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"உப்பளத்திலேர்ந்து முழுசா அளவெடுத்த மாதிரி நம்மகிட்ட ஒண்ணுதானே இருக்கு. வேற யாரும் குடுக்கலைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? நல்ல தரம், கையெழுத்தும் இருக்கு."

"அவர் நோயாளி சார். புற்று நோயாளி."

"இருக்கலாம். ஆனா வெயிலால வந்ததுன்னு பதிவு இல்லையே. மாதிரி எடுத்த தேதியில அவர் எண் பூஜ்யம். விதிப்படி அவர் தோல் ஆரோக்கியமான தோல். அவரைவிடத் தகுதியான ஆள் மாவட்டத்திலேயே இல்லம்மா."

பெனிலா கத்தினாள். இதுவரை எந்த அலுவலகத்திலும் குரலை உயர்த்தாதவள் மேசையைத் தட்டிக் கத்தினாள். அருள்செழியன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவள் ஓய்ந்ததும் ஒரு தம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, இதை விட்டால் அந்தப் பழைய தாடை முறையே தொடரும், எது மேல் நீங்களே சொல்லுங்கள் என்றார்.

புதிய அளவை வந்ததும் உப்பளத்தில் எல்லோரும் பச்சை. அவர்கள் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. லிங்கதுரை சங்க அலுவலகத்தில் லட்டு கொடுத்தார். சுடலைமணிக்கும் ஒரு லட்டு வந்தது, அப்போது அவரால் மெல்ல முடியாது. அவருக்கும் விதிப்படி மறுபரிசோதனை நடந்தது. முகாம் வண்டியே வீட்டு வாசலுக்கு வந்தது. பிடரியில் ஒட்டி, உரித்து, வட்டார மாதிரியோடு ஒப்பிட்டார்கள். ஒரு மனுஷனைத் தன்னோடு தானே ஒப்பிட்டால் என்ன வித்தியாசம் வரும்? ஊசிக்கான மேல்முறையீட்டை அந்த எண்ணைக் காட்டித் தள்ளுபடி செய்தார்கள். பெனிலா தெரிந்தவர்களிடமெல்லாம் கெஞ்சிப் பார்த்தாள். ஆய்வகத்தின் குளிர்பெட்டியிலிருந்து ஊசியைத் திருடிக்கொண்டு வரலாமா என்றுகூட யோசித்தாள், ஒருநாள் முயன்றும் பார்த்தாள்; ஒவ்வொரு ஊசியின் உறையும் அனுமதி பெற்ற ஒரு நோயாளியின் பதிவு எண்ணைக் கேட்டுத்தான் திறக்கும்.

ஐப்பசியில் மழை இறங்கி, பாத்திகளை மூடிவிட்டு எல்லோரும் வீட்டில் இருந்த வாரத்தில் சுடலைமணி இறந்துபோனார். கடைசி மாதம் வலி பொறுக்காமல் கனியைக் கண்டபடி திட்டினார், பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஊர் மொத்தமும் வந்து நின்றது. வேலை நாளாக இருந்தால் இவ்வளவு கூட்டம் வந்திருக்காது என்று யாரோ சொன்னார்கள், அது உண்மைதான். பெனிலா தெருமுனையில் நின்றாள், உள்ளே வர அவளுக்குத் தைரியம் இல்லை. கனிதான் ஆளனுப்பிக் கூட்டிவரச் சொன்னாள்.

தை பிறந்து பாத்திகளில் மறுபடி தண்ணீர் கட்டினார்கள். ஆண்டு முகாமும் வந்தது. இந்த முறை பெனிலாவே எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வேலையை விட்டுவிடப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். தான் போனால் அந்த நாற்காலியில் வருகிறவனுக்கு இதெல்லாம் தெரியக்கூடத் தெரியாதே என்று அவளுக்குத் தோன்றியது. தெரிந்தவள் மட்டும் என்ன செய்துவிட்டாள்?

வரிசையில் கனி வந்து உட்கார்ந்தாள். மகள் இரண்டாம் வருஷம் போய்விட்டாள், நன்றாகப் படிக்கிறாள் என்றாள். கொண்டையைத் தூக்கிப் பிடரியைக் காட்டினாள். பெனிலா ஒட்டி உரித்தாள். அப்போது கனியின் காதுக்குக் கீழே, தாடை வளைகிற இடத்தில், பயறளவு ஒரு புள்ளி அவள் கண்ணில் பட்டது. ஓரம் லேசாக உயர்ந்து, நடுவில் மினுங்கியது. பெனிலா குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"அதுவா, மழைக்கு முன்னாலயே வந்துட்டு" என்றாள் கனி. "மிஷின் என்ன சொல்லுது?"

எந்திரம் பச்சையைக் காட்டியது. வட்டார மாதிரியைவிட நல்ல நிலையில் இருப்பதாக ஒரு வரியும் இருந்தது. பெனிலா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கனியே திரையை எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மாதிரின்னு போட்டிருக்கே, அது அவுகதானே?"

பெனிலா தலையசைத்தாள்.

"அன்னைக்கு நம்ம வீட்டுல வச்சு எடுத்தது?"

"ஆமாக்கா."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் வெயிலுக்கு முன்னால் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். கனி கொண்டையை முடிந்து, துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள்.

"அப்போ, நானும் அவுக மாதிரி ஆவுற வரைக்கும் வேலைக்குப் போலாம்" என்றாள். "அப்படித்தானம்மா?"

அப்படித்தான் என்று பெனிலா சொன்னாள். கனி பச்சைச் சீட்டை வாங்கி ரவிக்கையில் செருகிக்கொண்டு, வடக்குப் பாத்திக்குப் போகிற வண்டியில் ஏறினாள்.